பதிவு வேறு, பாத்தியதை வேறு

(நமது சங்கத்தின் திருவண்ணாமலைக் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடும் மனையும் வாங்குவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் சட்டம் பயின்றேம் அல்லேம். தமிழ் பயின்று பள்ளியிற் கற்பித்து வருகின்றேம். ஆயினும், பழம்பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்லுமாறு அன்பர் பலர் எம்மிடம் கொணர்தல் வழக்கமாதலின், அவற்றிற் கண்டனவற்றையும், அறிந்த வக்கீல்களிடம் கேட்டுத் தெளிந்தனவற்றையும் இங்கே கூற முன்வந்தேம்.

ரமணாசிரமப் பகுதியின் வளர்ச்சியை நீங்கள் அறிவீர்கள். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் இவ்வூர்க்கு வந்த ஸ்ரீ ரமண மகரிஷிகள், 1922-இல் அன்னையார் சமாதியடைந்த பின்னர், அச்சமாதியை அடுத்து மலையடிவாரத்தில் தங்கினார். ஆசிரமம் அதனைச் சூழ்ந்தே வளர்ந்தது. அன்று ஊர்க்குப் புறம்பாயிருந்த செங்கம் சாலைப் பக்கம் இன்று விடுதிகளும் வீடுகளும் நெருங்கிய குடியிருப்பாகிவிட்டது. 2024-இல் திருவண்ணாமலை மாநகராட்சியுமாயிற்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அண்ணாமலையார் திருவடி நிழலில் வாழலாமென்று நம்மவர் பலர் சென்னையினின்றும், மும்பையினின்றும், கடல் கடந்த நாடுகளினின்றும் இங்கே மனை தேடி வருகின்றனர். தேடுவோர் மிகுந்தால் விலை மிகுகின்றது. விலை மிகுந்த இடத்தில் வஞ்சமும் வந்து புகுகின்றது. வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருளை ஒரே நாளில் ஒரே காகிதத்தின்மேல் வைத்துவிடுகின்றோமாதலின், அக்காகிதத்தை ஆராய்தல் நம் கடமை.

'புண்ணிய ஸ்தலத்தில் இவ்வளவு சந்தேகம் வேண்டுமா?' என்று சிலர் வினவுவர். ஊரை விட்டு நீங்கிய அன்று எழுதிவைத்த கடிதத்தில் தம் பெயரை எழுதாது ஒரு கோட்டை மட்டும் இட்டவர் மகரிஷிகள். அத்தகைய பற்றற்றவரைச் சூழ்ந்து எழுந்த ஆசிரமத்தின் நிர்வாகத்தைப் பற்றியும் 1930-களில் நியாயஸ்தலத்தில் வழக்கு நிகழ்ந்தது. பின்னர் 1938-இல் மரணசாசனம் ஒன்று எழுதப்பெற்று, நிர்வாகம் இன்னாருக்குப்பின் இன்னாருக்கு என்று வரையறை செய்யப்பட்டது. துறவியைச் சார்ந்த இடத்திற்கே ஆவணம் வேண்டியிருந்ததென்றால், இல்லறத்தாராகிய நமக்கு அது வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரமூர்த்தி நாயனாரை ஆட்கொள்ள வந்த முதியவர் கதையைப் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றீர்கள். நாயனார் முதலிற் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலையை முதியவர் தம்மிடம் காத்து வைத்திருந்தார். சபையோர் மூலவோலையை வாங்கிப் படித்தார்கள். சாட்சிகளின் கையெழுத்தை நோக்கினார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். அதன் பின்னரே தீர்ப்புக் கூறினார்கள். மூலத்தைப் பார்த்தல், சாட்சியைப் பார்த்தல், வேறோர் ஆவணத்தோடு ஒப்புநோக்கல் என்னும் இம்மூன்றுமே இன்று பத்திரம் பார்க்கும் வக்கீல் செய்யும் வேலையாம்.

இனி, இன்றைய பேச்சின் முதன்மையான பொருளுக்கு வருவோம். பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து நமதாகிவிட்டது என்று நம்மவருட் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையோ வீட்டையோ பதிவு செய்த பத்திரத்தாலன்றி விற்க இயலாது என்பது உண்மை. ஆனால் விற்பவர் தமக்குள்ள பாத்தியதையை மட்டுமே விற்க முடியும். தமக்கில்லாததைப் பதிவு செய்து கொடுத்தாலும் அது வாங்கியவரைச் சேராது. 2025 ஏப்ரல் 7-ஆம் நாள், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளுள் 55-ஏ என்பதன் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியபோது இதனையே தெளிவுபடுத்திற்று. விற்பவருக்குப் பாத்தியதை உண்டா இல்லையா என்று தீர்மானித்தல் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையன்று.

1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் ஏற்படுத்திய முறையில், அரசாங்கப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளர் என்று அரசாங்கமே உறுதி கூறுகின்றது. நம் நாட்டு முறை அத்தகையதன்று. இங்கே பதிவுப் புத்தகம், 'இன்னார் இன்னாருக்கு இதனை எழுதிக்கொடுத்தார்' என்பதை மட்டும் அறிவிக்கும். எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்பதை வாங்குபவரே ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். அந்த ஆராய்ச்சிக்குத்தான் வக்கீல் வேண்டும்.

யாம் அறிந்த ஒரு செய்தியைக் கூறுவோம்; பெயர் வேண்டா. அன்பர் ஒருவர் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைக்கொண்டு இப்பக்கத்தில் ஒரு மனை வாங்கினார். விற்றவர் பெயரில் பட்டா இருந்தது. வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஒன்றும் காணப்படவில்லை. பத்திர எழுத்தர் பிழையின்றி எழுதினார், பதிவும் நடந்தது. வேலி கட்டி ஓராண்டு நிரம்புமுன் பெண்மணிகள் இருவர் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தனர். அவர்கள் விற்றவருடன் பிறந்தவர்கள். நிலம் தந்தையார் தாமே சம்பாதித்தது; அவர் மரணசாசனம் எழுதாமல் 1980-இல் காலமானார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகனுக்கும், மகள் இருவருக்கும் சமபங்கு உண்டு. தாயாரும் பின்னர்க் காலமாகவே, அவர் பங்கு மக்கள் மூவரையும் அடைந்தது. ஆகவே மகனுக்கு உரியது மூன்றில் ஒரு பங்கே. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டா மட்டும் அவர் ஒருவர் பெயரில் ஏறிவிட்டது. முழு விலை கொடுத்த நம் அன்பர் மூன்றில் ஒரு பங்கையே வாங்கியவரானார். சகோதரிமாருக்குப் பின்னும் பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அதற்காக அவர் மனைவியாரின் நகைகள் விலையாயின.

இதில் பத்திர எழுத்தர்மீது குற்றமில்லை. அவர் தொழில் எழுதுதல். பாத்தியதையை ஆராய அவரை எவரும் நியமிக்கவில்லை. சார்பதிவாளர்மீதும் குற்றமில்லை. 'தங்கள் தந்தையார்க்கு மக்கள் எத்தனை பேர்?' என்னும் ஒரு வினாவைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை என்பதே குறை.

வில்லங்கச் சான்று எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். பதிவான விற்பனை, தானம், பாகப்பிரிவினை, அடமானம் ஆகியவற்றை அது காட்டும். இப்பொழுது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே அதனைப் பார்க்கலாம். ஆனால் ஒருவர் இறந்ததனால் வாரிசுகளுக்கு உண்டான உரிமையை அது காட்டாது. மரணசாசனங்கள் தனிப் புத்தகத்தில் பதிவாவதால் அவையும் அதில் வாரா; பதிவு செய்யாத மரணசாசனமும் செல்லுமென்பதை மறவாதீர்கள். நிலுவையிலுள்ள வழக்கைப் பெரும்பாலும் அது காட்டாது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். மூலப்பத்திரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து வாங்கிய கடன், ஒப்படைப்பு ஆவணம் பதிவாகாதிருந்தால், அதில் தோன்றாது. ஆகையால் விற்பவர் நகலை மட்டும் காட்டி, 'மூலம் தொலைந்தது' என்று சொன்னால், அவ்விடத்தில் நின்றுவிடுங்கள். படியோலையைக் கொண்டு தீர்ப்புக் கூறாத திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை நினைவு கொள்ளுங்கள்.

பட்டாவும் அவ்வாறே. அது தீர்வை வாங்குவதற்காக வருவாய்த்துறை வைத்துள்ள கணக்கு. அனுபவத்திற்கு நல்ல சான்றாகுமே யொழியத் தானே பாத்தியதையை உண்டாக்காது. பெண்மக்களின் உரிமையோ, மூதாதையர் சொத்திலும் இப்பொழுது உறுதியாயிருக்கின்றது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ஆம் நாள் முதல் அன்று மணமாகாதிருந்த பெண்களுக்கும், 2005 செப்டம்பர் 9-ஆம் நாள் முதல் நாடெங்கும் பெண்மக்கள் அனைவருக்கும் ஆண்மக்களோடு ஒத்த உரிமை வழங்கப்பட்டது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே விற்பவர் குடும்பத்துப் பெண்மக்களின் கையொப்பமின்றி வாங்குதல் கூடாது. நம் குடும்பத்துப் பெண்மக்களுக்கும் இவ்வுரிமை உண்டென்பதைத் தாய்மார்கள் மனத்திற் கொள்க. இளையோர் பங்கை விற்பதற்குத் தந்தை தாயார் கையொப்பம் போதாது. அவர்களுக்குத் தனித்துரிய சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்றல் ஆகாது.

இனி வக்கீலைத் தேர்ந்துகொள்ளும் வகையைக் கூறுவோம். திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்புக என்பது அதன் சாரம்.

முதலாவது, அவர் உங்கள் வக்கீலாக இருத்தல் வேண்டும். விற்பவரின் வக்கீலோ, தரகர் அழைத்துவந்த வக்கீலோ, மனைப்பிரிவு போட்டவர் வைத்திருக்கும் வக்கீலோ கல்வியிற் சிறந்தவராகலாம். ஆனால் உங்களுக்குக் கடமைப்பட்டவர் அல்லர். வங்கியில் கடன் வாங்குவோர், 'வங்கியின் வக்கீலே பார்த்துவிட்டார்' என்று அமைதியடைகின்றனர். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்குப் போதிய ஈடு உண்டா என்பதை. உங்கள் பேரன் காலத்தில் வழக்கு வருமா என்பதை அன்று.

இரண்டாவது, அவர் சிவில் வழக்குகளில் பழகியவராகவும், இவ்வட்டாரத்து நிலங்களை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். கொலை வழக்கில் வாதாடிப் புகழ் பெற்றவர் பத்திரம் பார்ப்பதிலும் வல்லவராயிருப்பார் என்பது நிச்சயமன்று. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா என்பதைத் தமிழ்நாடு புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தில் விசாரித்து அறியலாம்.

மூன்றாவது, கூலியை முன்னரே பேசி முடித்தல் வேண்டும். விற்பனை முடிந்தாற்றான் கூலி என்றோ, விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்றோ பேசாதீர்கள். விற்பனை முடிவதனால் மட்டுமே ஊதியம் பெறுபவர் 'இதனை வாங்க வேண்டா' என்று சொல்லத் தயங்குவார். வேண்டாவென்று சொன்னாலும் அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். அச்சொல்லே அவர் உங்களுக்குச் செய்த பேருதவி. 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை முதலியன நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்றமைந்துள்ளன. 30 லட்ச ரூபாய் மனைக்கு இவை 2,70,000 ரூபாய் ஆகும். இவ்வளவு செலுத்தச் சித்தமாயிருப்பவர், பாத்தியதையைப் பார்க்கும் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுக்கக் கணக்குப் பார்த்தல் முறையன்று.

நான்காவது, அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்குதல் வேண்டும். 'எல்லாம் சரியாயிருக்கிறது' என்னும் வாய்ச்சொல் போதாது. எந்த எந்தப் பத்திரங்களின் மூலத்தைப் பார்த்தார், எவற்றின் நகலை மட்டும் பார்த்தார், எத்தனை ஆண்டு வில்லங்கம் பார்த்தார், என்ன குறை கண்டார், அக்குறை தீர எவரெவர் கையொப்பம் வேண்டும் என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். 30 ஆண்டுக்குக் குறையாமல் பின்னோக்கிச் செல்லுதல் வழக்கம். தாய்ப்பத்திரம் அதற்கும் முற்பட்டதாயின் அதுவரை செல்லுதல் நன்று.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது காலம். முன்பணம் கொடுத்துவிட்டு வக்கீலிடம் செல்பவரே நம்மில் அதிகம். மருந்துண்ட பின்னர் வைத்தியரைக் கேட்பது போன்றது அது. முதலில் வக்கீல், பிறகு முன்பணம் என்னும் முறை மாறலாகாது.

இப்பகுதிக்கே உரிய சில இடர்களும் உண்டு. கோயில் நிலமும் மட நிலமும் கலந்திருக்கக்கூடிய ஊர் இது. பழம்பத்திரத்தில் தேவதாயம், தருமதாயம், இனாம், மானியம் என்னும் சொற்களுள் ஒன்று காணப்பட்டாலும் வக்கீலிடம் காட்டுங்கள். சிறு இனாம்கள் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரியாக மாற்றப்பட்டன. அப்போது பட்டா எவருக்குக் கிடைத்ததென்பதே வினா. கோயிலுக்குரிய நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றால், 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்விற்பனை செல்லாது.

மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் காட்டு எல்லை, ஓடை, ஏரி, புறம்போக்கு என்பன அருகருகே கிடக்கின்றன. 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, நில அளவரைக் கொண்டு அளந்து எல்லை காணுங்கள். 2024 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டதை இவ்வூர் மறவாது. ஆவணம் குற்றமற்றதாயினும், நிலம் நிற்கும் இடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை கண்ணாற் பார்த்தல் வேண்டும்.

வயலை மனையாக்கி விற்பவர், 'பஞ்சாயத்துத் தலைவர் அனுமதித்தார்' என்பார். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. நகர ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முற்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அங்கீகாரத்தையோ வரன்முறை ஆணையையோ கண்ணாற் கண்ட பின்னரே மேற்செல்க.

கடல் கடந்து வாழும் நம்மவர் வீடு வாங்கலாம். ஆனால் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடந்தாரா. கிரிவலப் பாதைக்கு அருகில் தோட்டம் என்று சொல்லி அவர்களுக்கு விற்க முயல்வோர் உளர். பிறநாட்டு அடியார்களுள் சிலர், தாம் வாங்க இயலாமையால், உள்ளூரார் பெயரில் வாங்கும்படி பணம் தருவதாகக் கேள்விப்படுகின்றேம். 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டப்படி அது குற்றம். நம் இளைஞர் எவரும் அதற்குப் பெயர் கொடுத்தல் கூடாது.

பொது அதிகாரப் பத்திரத்தையே விற்பனையாகக் கொண்டு நிலம் கைமாறுவதும் உண்டு. அதனால் பாத்தியதை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் திட்டமாகக் கூறிவிட்டது. அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அவ்வதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். ஆகலின் முகவரோடு பேசினாலும், உடைமையாளரை நேரிற் காணாமல் பணம் கொடாதீர்கள்.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்வோம். கிரய ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, குறை காணப்பட்டால் முன்பணம் திரும்பும் என்பதையும், கால எல்லையையும் அதில் எழுதுவியுங்கள். பணத்தை வங்கி வழியே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுதல் வருமான வரிச் சட்டத்திற்கு மாறானது. உண்மை விலையையே பத்திரத்திற் காட்டுங்கள். குறைத்துக் காட்டியவர் பின்னர் வழக்கு வந்தால் கொடுத்ததை மெய்ப்பிக்க இயலாது தவிப்பர். பதிவுக்கு முதல்நாள் வில்லங்கத்தை மறுபடி பாருங்கள். புல எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். பதிவானவுடன் மூலப்பத்திரங்களைக் கைப்பற்றி, பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுங்கள்.

முடிவாக, நம் சங்கத்தார்க்கென ஒன்று சொல்ல வேண்டும். 'விற்பவர் நம்மவர், அவரிடம் பத்திரம் கேட்டால் மனம் வருந்துவார்' என்று கருதி ஏமாந்தவர் நம்மில் உண்டு. நம்மவர் என்பது உறவுக்கு ஆகும், பாத்தியதைக்கு ஆகாது. நேர்மையுள்ள விற்பனையாளர் ஆராய்ச்சிக்கு அஞ்சார். தாமே மூலத்தைக் கொணர்ந்து காட்டுவார். சந்தேகம் தெளிந்து வாங்கினால் இருவர்க்கும் உறவு நிலைக்கும். தெளியாது வாங்கி வழக்குக்குச் சென்றால் மனையோடு உறவும் போகும். நம் சங்கம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வழங்குகின்றது. அதனோடு, மாதம் ஒருநாள் சிவில் வக்கீல் ஒருவரை இம்மண்டபத்திற்கு அழைத்து, மனை வாங்க எண்ணுவோர், முக்கியமாகக் கைம்பெண்களும் ஓய்வூதியரும், முன்பணம் கொடுக்குமுன் தம் காகிதங்களைக் காட்டி விசாரிக்க வசதி செய்யுமானால், அதனினும் பெரிய உபகாரம் வேறில்லை. அதற்குரிய கூலியைச் சங்கநிதியினின்றே கொடுக்கலாமென்று காரியதரிசி அவர்களுக்கு விண்ணப்பம் செய்கின்றேம். பழம்பத்திரங்களின் எழுத்தைப் படித்துச் சொல்லும் பணியை யாம் கைம்மாறு கருதாது ஏற்றுக்கொள்கின்றேம்.